விடுப்பும் வினாவும்

யாழ்ப்பாணத் தமிழில் 'விடுப்பு' என்றொரு சொல் உண்டு. தமிழகத்தில் அதற்கு லீவு என்று பொருள். எங்கள் ஊர்களில் பொருள் வேறு. வேலிப் பொட்டுக்குள்ளால் அடுத்த வளவைப் பார்ப்பது விடுப்பு. கலியாண வீட்டில் சீதனம் எவ்வளவு என்று விசாரிப்பது விடுப்பு. சந்தியில் சனம் கூடினால் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பதும் விடுப்புத்தான். இதற்குத் துணையாக இன்னொரு சொல்லும் எங்களிடம் இருக்கிறது: 'விண்ணாணம்'. விஞ்ஞானம் என்ற வடசொல்லின் பிராகிருத வடிவம் அது. அறிவைக் குறிக்கப் பிறந்த சொல், எங்கள் வாயில் 'உனக்கேன் உந்த விண்ணாணம்?' என்ற அதட்டலாக வந்து முடிந்திருக்கிறது.

ஒரு சமூகம் எதைக் கண்டு பயப்படுகிறது என்பதை அதன் வசைச் சொற்களை வைத்தே ஓரளவு கண்டுகொள்ளலாம். அறிய விரும்பும் உணர்ச்சிக்கு ஆவல், ஆர்வம், அறிவு வேட்கை என்று எழுத்துத் தமிழில் சொற்கள் இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டுக்குள், குசினிக்குள், பிள்ளையோடு கதைக்கும்போது எங்கள் வாயில் வருபவை அவையல்ல. அங்கே வருபவை விடுப்பும் விண்ணாணமும் 'வாயைப் பொத்து'வும்தான்.

இது எமக்கு மட்டுமே உரிய நோய் என்று யாரும் சந்தோஷப்படவோ துக்கப்படவோ வேண்டியதில்லை. புனித அகுஸ்தீனார் தமது 'ஒப்புதல்கள்' நூலில் அறியும் ஆவலைக் கண்களின் இச்சை என்று பாவங்களின் வரிசையில் வைத்தார். பல்லி ஈயைப் பிடிப்பதைப் பார்த்துத் தம் மனம் பிரார்த்தனையிலிருந்து விலகிப்போவதை அவர் அங்கே ஒரு குற்றமாகவே எழுதுகிறார். பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், பேக்கனின் காலத்திலும் 1660இல் லண்டனில் றோயல் சொசைட்டி தொடங்கியதன் பின்னரும்தான், பல்லியையும் ஈயையும் உற்றுப் பார்ப்பது மேற்குலகில் மரியாதைக்குரிய தொழிலானது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இந்த விடயத்தில் அகுஸ்தீனாரைவிடத் தாராளமானது. எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக மருட்கையை, அதாவது வியப்பை, அது வைக்கிறது. வியப்புக்குப் பிறப்பிடங்கள் நான்கு என்றும் சொல்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். கண்டறியாதது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று இன்னொன்றாக மாறுவது. இந்த நான்கையும் ஒரு நாலு வயதுப் பிள்ளையின் கேள்விகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'எறும்புக்குக் காது எங்கை?' என்பது சிறுமை. 'ஐஸ் எங்கை போனது?' என்பது ஆக்கம். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய இலக்கணம் ஒன்று பிள்ளைகளின் மனத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறது. அதை மனப்பாடம் செய்த நாங்கள் பிள்ளைகளை வாய்பொத்தச் சொல்லுகிறோம்.

*

தமிழில் அறியும் ஆவலைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த நூல் எது என்று கேட்டால், உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தையே சொல்லத் தோன்றுகிறது. 1940 முதல் 1942இல் அவர் இறக்கும் வரை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, முற்றுப்பெறாமல் நின்றுபோன நூல் அது. பதிப்புத்துறையின் வரலாறாகவும், ஒரு குருபக்தியின் கதையாகவும் அதைப் பலர் வாசித்திருக்கிறார்கள். வேறொரு விதமாகவும் அதை வாசிக்கலாம்.

1880 ஒக்டோபர் 21ஆம் திகதி நடந்த சந்திப்பு பலருக்கும் தெரிந்ததே. சாமிநாதையருக்கு அப்போது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அந்த ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஐயர் அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்குகிறார். இவற்றால் என்ன பிரயோசனம் என்ற தொனியில் முதலியார் கேட்டுவிட்டு, சீவகசிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவுகிறார். படித்ததில்லை. பின்னர் முதலியாரே ஒரு சிந்தாமணிப் பிரதியை வருவித்துக் கொடுக்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது என்னவெனில், ஆவல் இந்த மனிதருக்குள் தானாக ஊறிய ஒன்றல்ல. வெளியிலிருந்து ஒருவர் கேட்ட கேள்வியாக அது வந்து சேர்ந்தது. அந்தக் கேள்வி அவமானமாகவும் இருந்திருக்கலாம். ஓர் ஆசிரியரை அவர் படித்தவற்றின் பெறுமதி பற்றிக் கேட்பது சின்ன விடயமில்லை. ஆனால் அந்த அவமானம் கோபமாக உறையாமல் தேடலாக மாறியது. சிந்தாமணி சமண நூல். சைவ மடத்தின் நிழலில் படித்த அந்த ஸ்மார்த்தப் பிராமணருக்கு அதன் கோட்பாடுகள் விளங்கவில்லை. எனவே கும்பகோணத்தில் வாழ்ந்த சமணக் குடும்பங்களைத் தேடிப் போய், அவர்களது வீட்டில் உட்கார்ந்து, சந்தேகம் கேட்டார். நச்சினார்க்கினியர் உரையோடு சிந்தாமணி 1887இல் அச்சில் வந்தது. ஏழு வருடங்கள்! தனக்குத் தெரியாது என்பதை ஏழு வருடங்கள் தாங்கிக்கொள்ளும் பலம்தான் அறியும் ஆவலின் முதல் இலக்கணம்.

அதே 1887இல்தான் சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் வெளிவந்தது. வட்டுக்கோட்டை செமினறியில் படித்த இந்த யாழ்ப்பாணத்தவர் சிந்தாமணியையும் தாமே பதிப்பிக்க விரும்பினார், ஐயரிடம் ஏட்டைக் கேட்டார், ஐயர் கொடுக்கவில்லை. இதை ஐயரே எழுதுகிறார். தேடல் என்பது புனிதமான உணர்ச்சி என்று நாம் எண்ணிக்கொள்ளும்போது, அதற்குள் உடைமை உணர்வும் போட்டியும் இருக்கும் என்பதையும் இந்த நூல் மறைக்கவில்லை.

ஆனாலும் நூலுக்கு ஓர் எல்லை உண்டு. ஏட்டைத் துருவிய அந்தக் கண், ஏட்டைப் படிக்க யாருக்கு வழி இருந்தது, யாருக்கு இருக்கவில்லை என்பதைத் துருவியதாகத் தெரியவில்லை. சாதி ஒழுங்கு அந்த நூலில் காற்றைப்போல எங்கும் இருக்கிறது, கேள்விக்கு உள்ளாவதில்லை. மகத்தான ஆவலும் தன் காலடியில் இருப்பதைக் காணாமல் விடும் என்பதற்கு இது உதாரணம். எங்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்குமுன் இதையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

*

தாமோதரம்பிள்ளையின் ஊரில் பின்னர் என்ன நடந்தது? கல்வி எங்களுக்குச் சீதனமும் உத்தியோகமும் ஆனது. 1970களின் தரப்படுத்தல் வந்த பிறகு, ஒரு புள்ளி ஒரு பிள்ளையின் முழு வாழ்க்கையையும் தீர்மானிக்கும் நிலை ஏற்பட்டது. ரியூஷன் கொட்டில்களில் முந்தைய வருட வினாத்தாள்களைச் செய்துகொண்டிருந்த பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது. பெற்றோரையும் முழுதாகக் குறைசொல்ல முடியாது. ஆனால் விளைவு என்ன? கேள்வி என்றால் விடை ஏற்கெனவே யாரிடமோ இருக்கும் ஒன்று என்ற பழக்கம் எங்களுக்குள் இறங்கிவிட்டது. விடை தெரியாத கேள்வி 'சிலபஸுக்கு வெளியே' போய்விட்டது.

அதன்பின் யுத்தம் வந்தது. கேட்பது ஆபத்தானது. பக்கத்து வீட்டுப் பெடியனை நாலு நாளாகக் காணவில்லை என்றால், எங்கே என்று கேட்கக்கூடாது. இரவில் வந்த வாகனம் யாருடையது என்று கேட்கக்கூடாது. மின்கம்பத்தில் கட்டப்பட்டுக் கிடந்தவர் செய்த குற்றம் என்ன என்று கேட்கவே கூடாது. இராணுவத்தின் முன்னாலும், இயக்கங்களின் முன்னாலும், கேள்வி கேட்பவர் சந்தேகத்துக்குரியவரானார். கேட்காமல் இருந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். எங்களில் பலர் உயிரோடு இருப்பதற்கு அந்த மௌனமும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆகவே எம்மவரின் ஆவலின்மையைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ சொல்லிவிட்டுப் போவது அநியாயம். அது கற்றுக்கொண்ட பாடம். உயிர்விலை கொடுத்துக் கற்ற பாடம்.

பிறகு அகதி விசாரணை. அங்கே கேள்விகளுக்குக் குறைவில்லை. திகதி, இடம், வழி, முகவர், கடவுச்சீட்டு! ஆனால் அந்தக் கேள்விகள் எதையும் அறிய விரும்பிக் கேட்கப்பட்டவையல்ல. பொய்யைப் பிடிக்கக் கேட்கப்பட்டவை. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) ஓர் அகதி விண்ணப்பத்தோடு தொடங்குவது தற்செயலானதல்ல. ஒரு மனிதனின் வாழ்வு இலக்கமிட்ட பந்திகளாக நறுக்கப்பட்டு அலுவலக மேசைக்குப் போகிறது. ஒருதரம் சொன்ன கதையை மாற்றினால் வழக்குத் தோற்கும். எனவே கதையை மாற்றாதே, யோசிக்காதே, புதிதாக ஒன்றும் ஞாபகப்படுத்தாதே! அறியும் ஆவலுக்கு இதைவிடப் பெரிய எதிரி வேறென்ன? தன் கதையைத் தானே மறுபடி கேட்டுப் பார்க்கும் உரிமையையும் பறிகொடுத்து வந்து சேர்ந்தவர்கள் நாங்கள்.

*

இந்தப் பின்னணியோடு வந்து குடியேறிய வீடுகளில் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, இப்போது அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கலியாண வீடு, செத்த வீடு எங்கே கூடினாலும் ஒரு முறைப்பாடு கேட்கும்: 'உதுகளுக்கு ஊரைப் பற்றி அறிய ஒரு ஆவலும் இல்லை.'

இந்த முறைப்பாடு சரிதானா?

ஜோர்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அமெரிக்க அறிஞர் 1994இல் ஆவலைப் பற்றி ஒரு விளக்கம் சொன்னார். தெரிந்ததற்கும் தெரிய விரும்புவதற்கும் இடையிலுள்ள இடைவெளியை மனம் உணரும்போதுதான் ஆவல் பிறக்கிறது என்பது அதன் சாரம். இடைவெளி தெரிய வேண்டுமானால் முதலில் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுமே தெரியாத விடயத்தில் யாருக்கும் ஆவல் வருவதில்லை. பாதிக் கதை கேட்டவருக்குத்தான் மீதிக் கதை வேண்டும்.

இதை எங்கள் வீடுகளுக்குப் பொருத்திப் பாருங்கள். நாங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை என்று குறைப்படுகிறோம். அல்லது எல்லாவற்றையும் முடிந்த முடிபாகச் சொல்லிவிடுகிறோம்: நாங்கள் நல்லவர்கள், அவர்கள் கெட்டவர்கள், ஊர் சொர்க்கம். இடைவெளியே இல்லாத கதை அது. இரண்டு வழியாலும் ஆவல் சாகிறது. அல்பத்தில் ஒரு படத்தைக் காட்டி, 'இது உன் பெரியப்பா, இந்தப் பக்கத்தில் நிற்கிறவரைப் பற்றி எங்களுக்கும் முழுதாய்த் தெரியாது' என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை கேட்கும்.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். பார்பரா ரிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் என்ற இருவர் இங்கிலாந்தில் நாலு வயதுப் பெண் பிள்ளைகள் 30 பேரின் பேச்சை வீட்டிலும் நேர்சறியிலும் பதிவுசெய்து 1984இல் நூலாக வெளியிட்டார்கள். வீட்டில் மணிக்குச் சராசரி 26 கேள்வி கேட்ட பிள்ளைகள், நேர்சறியில் கேட்டது மணிக்கு 2. தொழிலாளர் குடும்பம், மத்தியதர வர்க்கக் குடும்பம் என்ற வித்தியாசமின்றி, தாயோடு சமையலறையில் நிற்கும் நேரமே பிள்ளை அதிகம் யோசிக்கும் நேரமாக இருந்தது.

அப்படியானால் கேள்வியின் இடம் வீடு. வீட்டின் மொழியே கேள்வியின் மொழி. எங்களுக்கு நேர்ந்திருக்கும் பெரிய இழப்பு இங்கேதான் இருக்கிறது. பிள்ளை டெனிஷிலோ பிரெஞ்சிலோ ஜேர்மனிலோ யோசிக்கிறது. தாய்க்கு அந்த மொழி கடைக்கும் வேலைத்தலத்துக்கும் மட்டும் போதுமான அளவு தெரியும். தமிழில் பிள்ளைக்குச் சாப்பாடும் நித்திரையும் வீட்டுப்பாடமும் உண்டு, 'ஏன்' இல்லை. இரண்டு பேருக்கும் இடையில் 'ஏன்' என்ற சொல்லை வைக்கப் பொதுவான இடம் ஒன்று இல்லாமல் போகிறது. தந்தை இரண்டு வேலை செய்து இரவு வந்து சேர்ந்தால் அந்த 26 கேள்விகளும் யாரிடம் போகும்?

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் இந்த இடத்தை நிரப்பியிருக்கலாம். பெரும் உழைப்போடு, சம்பளமின்றி அவற்றை நடத்துபவர்களை மதிக்கிறேன். ஆனால் சொல்வதெழுதல், குறள் மனனப் போட்டி, பேச்சுப் போட்டி என்று நாங்கள் அங்கே பிள்ளைகளுக்குக் கொடுத்தது, ஊரில் எங்களை வாட்டிய அதே பள்ளிக்கூடத்தைத்தான். பேச்சுப் போட்டியில் பேச்சை எழுதியவர் அப்பா, பேசுவது பிள்ளை, கைதட்டுவது நாங்கள். தமிழ் என்றால் பிறர் எழுதியதைப் பிழையின்றிச் சொல்லும் மொழி என்று பிள்ளை விளங்கிக்கொண்டால் அதைக் குறைசொல்ல எங்களுக்கு என்ன தகுதி?

குறளைப் பற்றிச் சொன்னதால் ஒன்று. அதன் நாற்பத்திரண்டாம் அதிகாரத்தின் பெயர் 'கேள்வி'. அங்கே அதன் பொருள் செவியால் கேட்டறிதல். இன்று கேள்வி என்றால் வினா. தமிழில் 'கேள்' என்ற ஒரே வினைச்சொல் செவிமடுப்பதையும் வினவுவதையும் சுமக்கிறது. மொழி தந்திருக்கும் இந்த வசதியை நாங்கள் பாதியாக வெட்டிவிட்டோம். பிள்ளைகளிடம் 'சொல்வழி கேள்' என்கிறோம். 'என்னிடம் கேள்' என்று சொல்வது அபூர்வம். நன்னூலும்கூட, ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டவனுக்குக் கிடைப்பது புலமையில் கால்பங்கே என்கிறது. சக மாணாக்கரோடு பழகுவதால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்வதால் மீதி அரை. எங்கள் வகுப்பறைகள் அந்த முதற் கால்பங்கோடு நின்றுவிடுகின்றன.

*

எங்கள் இலக்கியமும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்ப முடியாது. புலம்பெயர் எழுத்தில் நாற்பது வருடமாக பனி விழுகிறது. ரெஸ்ரோரண்ட் குசினியில் கோப்பை கழுவப்படுகிறது. ஆனால் பக்கத்து வீட்டு நோர்வேக்காரரின் பெயர் என்ன? அவரது பாட்டன் ஏன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்? அதே குசினியில் எங்களோடு நின்ற அல்ஜீரியனின் ஊரில் என்ன யுத்தம் நடந்தது? பெரும்பாலான கதைகளில் அவர்கள் 'வெள்ளையன்', 'அடையான்', 'காப்பிலி' என்று ஒரு சொல்லில் முடிந்துபோகிறார்கள். எங்களை ஒரு சொல்லில் முடித்துவிட்ட நாடுகளைத் திட்டிக்கொண்டே நாங்கள் செய்த காரியம் இது.

அ. முத்துலிங்கம் இதற்கு விலக்கு. கொக்குவிலில் 1937இல் பிறந்து, ஐ.நா. பணியில் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் அலைந்து, கனடாவில் குடியேறிய அவருடைய கதைகளில் பிற மனிதர்கள் பெயரோடும் சாப்பாட்டோடும் பிடிவாதங்களோடும் வருகிறார்கள். உலக எழுத்தாளர்களைத் தேடிப்போய் அவர் கண்ட நேர்காணல்களின் தொகுப்புக்கு 'வியத்தலும் இலமே' (2006) என்று பெயர் வைத்தது ஒரு குறும்பு. வியப்பதற்காகவே புறப்பட்ட மனிதர், வியக்கமாட்டோம் என்கிறார்! தமிழ் உரைநடைக்கு இந்த வெளிநோக்கிய கண் பெரிய வரவு. அதேநேரம், அவருடைய வியப்பு பல சமயம் இனிமையாகவே முடிந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆவல் கசப்பான இடத்தைத் தொடுமுன் கதை புன்னகைத்து விடைபெறுகிறது.

ஷோபாசக்தி எதிர்த்திசையில் போகிறார். 2004இல் வந்த அவருடைய நாவலின் பெயரே 'ம்'. கதை கேட்பவர் எழுப்பும் ஒலி அது. கட்டளைக்கு இணங்குபவர் எழுப்பும் ஒலியும் அதுவே. எல்லாவற்றுக்கும் 'ம்' சொல்லிக்கொண்டிருந்த ஒரு சமூகத்தின் மேல் வைக்கப்பட்ட கேள்வியாக அந்தத் தலைப்பை வாசிக்கிறேன். அவரது எழுத்தில் வினா உள்நோக்கித் திரும்புகிறது: நாங்கள் என்ன செய்தோம்? அதை வாசித்து ஆத்திரப்பட்டவர்கள் பலர். ஆத்திரப்படுவது வாசகரின் உரிமை. ஆனால் 'இதை ஏன் எழுதினாய்?' என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டு, 'இது நடந்ததா?' என்று கேட்காமல் விட்டதுதான் எங்கள் வாசிப்பின் வறுமை.

வெளியே பார்க்கும் கண்ணும் உள்ளே திரும்பும் கண்ணும் ஒரே எழுத்தில் சேர்வது எங்களிடம் இன்னும் அரிதாகவே இருக்கிறது.

*

ஆவலை வளர்ப்பது எப்படி என்று பட்டியல் போடுவது எனக்கு உவப்பானதல்ல. அது இன்னொரு ரியூஷன் ஆகிவிடும். ஆயினும் மேலே சொன்னவற்றிலிருந்து ஒன்றிரண்டு முடிவுகள் தாமாகவே வருகின்றன. பிள்ளையின் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் 'எனக்குத் தெரியாது, வா பார்ப்பம்' என்று சொல்வதால் ஒரு தகப்பனின் மரியாதை குறையாது. சாமிநாதையர் ஏழு வருடம் அதைத்தான் சொன்னார். பிள்ளை எந்த மொழியில் கேட்டாலும் கேட்கவிட வேண்டும். மொழியைத் திருத்துவதற்கு வேறு நேரம் உண்டு. எங்கள் கதையை முழுமையாக்காமல், ஓட்டைகளோடு, எமக்கே விளங்காத இடங்களோடு சொல்ல வேண்டும்.

விடுப்பையும் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட வேண்டாம். வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்த அந்த ஆச்சிதான் யார் எந்த இரவு வந்தார், யார் திரும்பி வரவில்லை என்பதை அறிந்தவள். அவளது விடுப்பில் பொறாமையும் இருந்தது, அக்கறையும் இருந்தது. காணாமற்போனவர்களைப் பற்றிய உண்மையில் ஒரு பகுதி, எந்த ஆணைக்குழுவின் கோப்பிலும் ஏறாமல், இப்படியான விடுப்புக்காரரின் ஞாபகத்தில்தான் கிடக்கிறது.

1983இல் முப்பது வயதாக இருந்தவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் முதியோர் இல்லங்களில், யாரும் ஒன்றும் கேட்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருப்பவர்கள் அவர்கள். ஏடுகள் கரையானுக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு முன்சீப் ஒரு கேள்வி கேட்டார். மனிதர்கள் போய்க்கொண்டிருக்கும்போது நாங்கள் கேட்காதிருக்க இப்போது என்ன காரணம் இருக்கிறது? சந்தியில் யாரும் நிற்கவில்லை. விண்ணப்பத்தை நிராகரிக்க யாரும் காத்திருக்கவில்லை. ஒரு தேநீரைப் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்து, 'அப்ப என்ன நடந்தது?' என்று கேட்கலாம். கேட்ட பிறகு, கேட்கவும் வேண்டும்.